பால் ஊற்றும் முன்

பினாங்கில் மூக்குக்குழாய் வழியாக உணவு கொடுக்கும் தாதியருக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்,

ஜெலுத்தோங்கிலும் ஆயர் ஈத்தாமிலும் அடுக்குமாடி வீடுகளில் அப்பாவுக்கோ மாமியாருக்கோ மூக்குக்குழாயில் பால் கொடுப்பவர்கள் நீங்கள். முதியோர் இல்லங்களில் இரவு வேலைக்கு ஒற்றை ஆளாக நின்று, விடிவதற்குள் கட்டில் கட்டிலாகப் பால் கரைத்துக் கொண்டுபோகிறவர்களும் நீங்கள்தான். சிலர் முறையாகப் படித்த தாதியர். பலர், நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நாளன்று வார்டில் ஒரு மிஸ்ஸி நின்றவாக்கில் செய்து காட்டியதைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் பேசப்போகும் பழக்கம் இரண்டு தரப்பிடமும் இருக்கிறது.

சிரிஞ்சில் காற்றை இழுத்து, குழாய்க்குள் ஒரே தள்ளாகத் தள்ளி, மேல்வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்கிறோம். 'குளுக்' என்று ஒரு சத்தம். "குழாய் வயித்துலதான் இருக்கு" என்று சொல்லிப் பாலை ஊற்றுகிறோம். என் தலைமுறைத் தாதியருக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இன்னமும் பல வீடுகளில் இதைத்தான் பார்க்கிறேன். இதை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஊற்றுவதற்கு முன் உறிஞ்சுங்கள். உறிஞ்சி வந்த நீரை, அமிலத்தன்மையை எண்ணாகக் காட்டும் பிஎச் தாளில் விட்டுப் பாருங்கள்.

காது ஏன் ஏமாறுகிறது? இடது நுரையீரலின் அடியும் இரைப்பையின் மேற்பகுதியும் உதரவிதானம் என்ற தசைத் தகட்டுக்கு இரு பக்கமும் நெருங்கி இருக்கின்றன. நுரையீரலின் அடியில் காற்று கொப்பளித்தாலும் அந்தச் சத்தம் மேல்வயிற்றில் நன்றாகக் கேட்கும். உணவுக்குழாயின் பாதியில் குழாயின் நுனி நின்றுவிட்டாலும் கேட்கும். ஸ்டெதஸ்கோப்புக்குச் சத்தம்தான் தெரியும். அது எந்த அறையிலிருந்து வருகிறது என்பது தெரியாது.

"தப்பாப் போயிருந்தா இருமுவாரே" என்பது அடுத்த நம்பிக்கை. நல்ல நினைவோடு இருப்பவர் இருமுவார், திணறுவார், முகம் நீலம் பாயும். ஆனால் நாம் யாருக்குக் குழாய் போடுகிறோம்? பக்கவாதத்தில் விழுங்கும் சக்தி போனவருக்கு, மறதி நோய் முற்றியவருக்கு, அரை மயக்கத்தில் கிடப்பவருக்கு. அவர்களில் பலருக்கு இருமல் உணர்வே மங்கிப்போயிருக்கும். அவர்கள் அமைதியாக இருப்பதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ள முடியாது. குழாயின் வெளிமுனையைத் தண்ணீர் டம்ளரில் வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும் அதே ரகம். இரைப்பையிலிருந்தும் வாயு வரும். நுரையீரலில் குழாயின் துளை சுவரில் ஒட்டிக்கொண்டால் குமிழி வராமலும் போகும். போதாக்குறைக்கு, மூச்சை இழுக்கும்போது அந்தத் தண்ணீரே உள்ளே போகலாம்.

நுரையீரலுக்குள் பால் போனால் என்ன ஆகும் என்பதை இந்தியச் சிறை வரலாறு பதிவு செய்து வைத்திருக்கிறது. 1929இல் லாகூர்ச் சிறையில் பகத்சிங்கின் தோழர் ஜதீந்திரநாத் தாஸ் உண்ணாவிரதம் இருந்தபோது, அதிகாரிகள் அவரைப் பிடித்து அழுத்தி மூக்கு வழியாகக் குழாய் செருகிப் பால் ஊற்றினார்கள். பால் நுரையீரலுக்குள் போனது. அதன்பின் அவர் தேறவில்லை. உண்ணாவிரதத்தின் 63ஆம் நாள், செப்டம்பர் 13 அன்று இறந்தார். நான்கு ஆண்டு கழித்து, 1933 மே மாதம், நமக்கு வடமேற்கே கடலைத் தாண்டி இருக்கும் அந்தமான் செல்லுலார் சிறையில் கைதிகள் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். அங்கும் அதே குழாய், அதே பால். மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா என்ற மூவரும் அந்த மாதத்திலேயே மாண்டார்கள். மகாவீர் சிங்கின் நுரையீரலுக்குள் பால் இறங்கியிருந்தது. சிறைக்கு எதிரே உள்ள பூங்காவில் அவருக்குச் சிலை இருக்கிறது. அந்தமான் சுற்றுலா போகும் நம்மவர்கள் பார்த்திருப்பார்கள்.

அவர்கள் திமிறினார்கள், ஊற்றியவர்கள் முரடர்கள், நாம் அன்போடு செய்கிறோம் என்று சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் மூச்சுக்குழலின் வாசலும் உணவுக்குழாயின் வாசலும் தொண்டையில் ஒன்றன் பின் ஒன்றாக இருக்கின்றன. குழாய் எந்த வாசலில் நுழைகிறது என்பதை நம் அன்பு தீர்மானிப்பதில்லை.

மருத்துவமனைகளிலும் இது நடந்திருக்கிறது. பிரிட்டனில் நோயாளர் பாதுகாப்புக்கான அரசு முகமை 2005 பிப்ரவரியில் ஓர் எச்சரிக்கை அனுப்பியது: காற்றடித்துச் சத்தம் கேட்கும் முறையைக் கைவிடுங்கள், பிஎச் தாளைப் பயன்படுத்துங்கள். அதற்குப் பிறகும் 21 மரணங்கள் பதிவாகி, 2011இல் இன்னும் கண்டிப்பான எச்சரிக்கை வந்தது. இங்கிலாந்தில், தவறிய குழாயில் உணவு செலுத்துவதை 2009இலிருந்தே 'ஒருபோதும் நடக்கக்கூடாதவை' பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அப்படியும் 2011 செப்டம்பர் முதல் 2016 மார்ச் வரை 95 சம்பவங்கள். அவற்றில் 32 நோயாளிகள் இறந்தார்கள். பலர் ஏற்கெனவே கடும் நோயில் இருந்தவர்கள், எல்லா மரணத்தையும் குழாயின் கணக்கில் எழுத முடியாது. லட்சக்கணக்கான குழாய்கள் போடப்படும் நாட்டில் இது சிறிய எண்ணிக்கை என்றும் வாதாடலாம். நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். தவறுகளை எண்ணி வெளியே சொல்லும் நாட்டிலேயே இத்தனை என்றால், வயதானவர் வீட்டில் நெஞ்சுச் சளி கட்டி இறந்துபோனால் 'வயசாயிருச்சு' என்று முடித்துவிடும் இடங்களில் யார் எண்ணினார்கள்?

காற்றடிக்கும் முறையை மருத்துவர்கள் வந்து கண்டிக்கும்வரை தாதியர் சும்மா இருந்தார்கள் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் தாதியியல் ஆய்வாளரான நோர்மா மெத்தேனி 1980களின் பிற்பகுதியிலிருந்தே இதைத் தோண்டித் துருவிக்கொண்டிருந்தார். குழாயின் நுனி இருக்கும் இடத்தை வெறும் சத்தத்தை வைத்துச் சொல்ல முடிவதில்லை என்றும், உறிஞ்சி எடுத்த நீரின் அமிலத்தன்மை அதைவிட நல்ல தடயம் என்றும் காட்டியவர்களில் முன்னோடி அவர். நம் தொழிலைச் சேர்ந்த ஒருத்தி, நம் கட்டிலோர வேலையையே எடுத்து ஆராய்ந்து சொன்னது இது. மேலிடத்து உத்தரவாக அல்லாமல், சொந்த வீட்டுப் பேச்சாகவே இதைக் கேட்டுக்கொள்ளலாம்.

இங்கே ஒரு வேடிக்கை. நாம் 'ரைல்ஸ் டியூப்' என்று சொல்கிறோமே, அந்தப் பெயருக்கு உரியவர் ஜான் ரைல் என்ற ஆங்கிலேய மருத்துவர். லண்டன் கைஸ் மருத்துவமனையில் இருந்தவர். 1921இல் அவர் அந்த மெல்லிய குழாயை அறிமுகம் செய்தது பால் ஊற்றுவதற்காக அல்ல. நோயாளிக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, சிறிது நேரத்துக்கு ஒருமுறை இரைப்பை நீரை உறிஞ்சி எடுத்து, அதில் எவ்வளவு அமிலம் என்று அளப்பதற்காக. குழாய் பிறந்ததே உறிஞ்சி அமிலம் பார்க்கத்தான். ஊற்றுவது பிறகு வந்து சேர்ந்த வேலை. நாம் பிறகு வந்ததைப் பிடித்துக்கொண்டு முதல் வேலையை மறந்துவிட்டோம்.

இனி செய்முறை. தாதியருக்கு இதில் பல தெரிந்ததாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தார் கவனியுங்கள்.

குழாய் போடும்போது மூக்கு நுனியிலிருந்து காது மடல் வரைக்கும், அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ்நுனி வரைக்கும் அளந்து அந்த நீளத்துக்கு உள்ளே விடுவார்கள். மூக்குத் துவாரத்தின் ஓரத்தில் எந்த சென்டிமீட்டர் குறி நிற்கிறது என்று கேட்டு எழுதி வையுங்கள். ஒவ்வொரு வேளையும் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான். எண் மாறியிருந்தால், பிளாஸ்டர் விட்டுப்போயிருந்தால், குழாய் நகர்ந்துவிட்டது என்று கொள்ளுங்கள். பாதி வெளியே வந்த குழாயை நீங்களே உள்ளே தள்ளவே கூடாது. ராத்திரியில் தாத்தா பிடுங்கிவிட்டார், யாருக்கும் தெரியாமல் திரும்பச் செருகிவிடலாம் என்று நினைக்கும் பணிப்பெண்கள் உண்டு. பயத்தில் செய்வது. அவர்களைத் திட்டும் வீட்டில்தான் இது அதிகம் நடக்கிறது.

எண் சரியாக இருந்தாலும் அது போதாது. குழாய் தொண்டையில் சுருண்டு கிடந்தாலும் மூக்கோரத்தில் அதே எண்தான் நிற்கும். வாயைத் திறந்து பாருங்கள். பிறகு பெரிய சிரிஞ்சை, அதாவது 50 அல்லது 60 மில்லி சிரிஞ்சை மாட்டி மெதுவாக உறிஞ்சுங்கள். சின்ன சிரிஞ்ச் வேண்டாம், அதன் இழுவிசை அதிகம். தாளை நனைக்கும் அளவுக்கு ஒரு மில்லி வந்தாலே போதும். தாளில் விட்டு, டப்பாவின் மேல் இருக்கும் நிறங்களோடு ஒப்பிடுங்கள். 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் பால் கொடுக்கலாம். இரைப்பை நீர் கடும் அமிலம், எண் குறைவாக இருக்கும். நுரையீரல் நீர் 7ஐ ஒட்டி இருக்கும். 5க்கும் 6க்கும் நடுவில் நிறம் சந்தேகமாக இருந்தால் இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். நீரின் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வயிற்று நீர் என்பார்கள். நெஞ்சிலிருந்து வரும் நீரும் சில சமயம் அப்படியே இருக்கும்.

தாள் வாங்கும்போது பள்ளி ஆய்வுக்கூடத்து லிட்மஸ் தாளை வாங்கி வந்துவிடாதீர்கள். அது அமிலமா காரமா என்பதை மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது; சற்றே அமிலமான சளிக்கும் சிவந்து காட்டும். மருத்துவப் பயன்பாட்டுக்கென்று வரும், அரை அரை அளவாக எண் காட்டும் பிஎச் தாள் வேண்டும். ஒரு துண்டுக்கு ஆகும் செலவு ஒரு தே தாரிக்குக்கு ஆகாது. நம் ஊர் ஈரக்காற்றில் திறந்து வைத்தால் கெட்டுப்போகும். டப்பாவை இறுக மூடி, காலாவதி நாளைப் பார்த்து வையுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குழாய் சரியான இடத்தில் இருக்கிறது என்று உறுதியாகும்வரை அதற்குள் திரவம் எதுவும் போகக் கூடாது. "கொஞ்சம் தண்ணி விட்டுப் பார்ப்போம்" என்பதும் கூடாது. உட்புறத்தில் வழுக்குப்பூச்சு பூசிய குழாய்கள் சில உண்டு. சோதிக்கும் முன்பே தண்ணீர் விட்டால் அந்தப் பூச்சு கரைந்து அமிலமாகக் காட்டி, நுரையீரலில் இருக்கும் குழாயையும் சரி என்று தாள் சொல்லிவிடும். 2012இல் பிரிட்டனில் இதற்கென்றே தனி எச்சரிக்கை வந்தது, இரண்டு மரணங்களுக்குப் பிறகு. மாத்திரைக் கரைசலும் 'எதுவும்' என்பதில் அடக்கம்.

இனி சங்கடமான இடத்துக்கு வருகிறேன். எல்லோருக்கும் தாள் 5.5க்குக் கீழ் காட்டாது. ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற கேஸ்ட்ரிக் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அமிலம் குறைந்திருக்கும். பால் கொடுத்து ஒரு மணி நேரம் ஆகாமல் பார்த்தாலும் எண் ஏறித்தான் இருக்கும். நம் நோயாளிகளில் கேஸ்ட்ரிக் மாத்திரை இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சில சமயம் எவ்வளவு உறிஞ்சினாலும் ஒரு சொட்டும் வராது. அப்போது பதற வேண்டாம். முடிந்தால் இடது பக்கமாகப் புரட்டிப் படுக்க வையுங்கள். இரைப்பை நீர் குழாயின் நுனிப் பக்கம் சேரும். வாயைத் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். அது சுரப்பைத் தூண்டும். நுனி இரைப்பைச் சுவரில் ஒட்டியிருக்கலாம், 10 முதல் 20 மில்லி காற்றை மெதுவாகச் செலுத்தினால் விலகும். (காற்றுக்கு உருப்படியான வேலை இது ஒன்றுதான். சத்தத்தைக் கேட்காதீர்கள்.) கால் மணி, அரை மணி பொறுத்து மறுபடி உறிஞ்சுங்கள். குழாயைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பது பயிற்சி பெற்ற தாதியின் வேலை, வீட்டாருக்கு உரியதல்ல.

அப்படியும் வரவில்லையா, வந்தும் எண் 6, 7 என்று நிற்கிறதா? ஊற்றாதீர்கள். ஒரு வேளைப் பால் தள்ளிப்போனால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகிவிடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவராக இருந்தால் மட்டும் உடனே மருத்துவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நமக்குச் சொல்லி வளர்த்தவர்களுக்குத்தான் இப்போது பால் கொடுக்கிறோம்.

மருத்துவமனையில் இந்த நிலைக்கு எக்ஸ்ரே இருக்கிறது. குழாய் நெஞ்சின் நடுக்கோட்டில் இறங்குகிறதா, மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் எந்தக் கிளையோடும் போகாமல் நேரே வருகிறதா, உதரவிதானத்தை நடுவில் கடந்து நுனி அதற்குக் கீழே இடப்பக்கம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எக்ஸ்ரே எடுத்துவிட்டாலே தீர்ந்தது என்றும் நினைக்காதீர்கள். பிரிட்டன் கணக்கில் எக்ஸ்ரேயைத் தவறாகப் படித்ததால் நேர்ந்த மரணங்கள்தான் முன்னால் நிற்கின்றன. இரவு வேலையில் அரைத்தூக்கத்தில், சில சமயம் முந்திய நாள் படத்தையே பார்த்துவிட்டு 'ஓகே' எழுதியவர்கள் உண்டு. அதனால் வார்டுத் தாதியருக்கு ஒரு வேண்டுகோள்: அவசரம் இல்லாவிட்டால் குழாயைப் பகலில் போடுங்கள். "எக்ஸ்ரே பார்த்தாச்சு" என்று யாராவது சொன்னால் யார், எந்தப் படத்தை, எத்தனை மணிக்குப் பார்த்தார் என்று கேட்டு எழுதுங்கள். அந்தப் படமும் எடுத்த நேரத்துக்குத்தான் சாட்சி. அதன்பின் நோயாளி வாந்தி எடுத்தால், விடாமல் இருமினால், அவருக்குச் சளி உறிஞ்சி எடுத்தால், திரும்பச் சோதிக்க வேண்டும்.

கேட்டு எழுதுங்கள் என்று சொல்வது சுலபம். மூத்த சிஸ்டர் காற்றடித்துக் காட்டிவிட்டு "ஊத்து" என்றால், சேர்ந்து மூன்று மாதமான பெண் என்ன சொல்வாள்? இதற்கு நம் ஊர்க்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் வூ லியன் தே, 1879இல் பினாங்கில் பிறந்தவர், பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்துக் கேம்பிரிட்ஜ் போனவர், சூலியா ஸ்ட்ரீட்டில் கிளினிக் வைத்திருந்தவர். 1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பினில் பிளேக் பரவியபோது, அது எலித் தெள்ளுப்பூச்சியால் மட்டும் வருவதல்ல, மூச்சுக்காற்றில் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுகிறது என்று கண்டுபிடித்து, துணியும் பஞ்சும் வைத்த முகக்கவசம் கட்டச் சொன்னார். அவருக்கு அப்போது 31 வயது. மெஸ்னி என்ற மூத்த பிரெஞ்சு மருத்துவர் இந்தச் சின்னப்பையன் சொல்வதைக் கேட்பதா என்று கவசம் இல்லாமல் நோயாளிகளிடம் போனார். சில நாளில் பிளேக்கில் இறந்துபோனார். மெஸ்னிக்கு அனுபவம் இருந்தது, வயது இருந்தது, முன்பு பிளேக்கைப் பார்த்த பெருமையும் இருந்தது. வூவிடம் இருந்தது சோதித்துப் பார்த்த முடிவு. மூத்தவரிடம் மரியாதை குறையாமல், "சிஸ்டர், தாளிலும் ஒருதரம் பார்த்துக்கிறேன்" என்று சொல்லுங்கள். தாளை ஏற்கெனவே சட்டைப்பையில் வைத்திருந்தால் பேச்சு இன்னும் சுருக்கமாக முடியும்.

மூத்த சிஸ்டர்களே, இந்தப் பத்தி உங்களுக்கும்தான். அந்தப் பெண் தாளை எடுக்கும்போது முகத்தைச் சுளிக்காதீர்கள்.

வீட்டில் எக்ஸ்ரே இல்லை. உண்மையான சிக்கல் இதுதான், அதை மழுப்ப விரும்பவில்லை. படுத்த படுக்கையாக இருப்பவரை ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஜி.எச். அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். லிஃப்ட் வேலை செய்யாத பிளாட் என்றால் சொல்லவே வேண்டாம். ஆகவே வீட்டுக்கு வரும் முன்பே பேசி முடிக்க வேண்டியவை இருக்கின்றன. டிஸ்சார்ஜ் நாளில் மருந்துப் பையைச் சரிபார்க்கும்போது டாக்டரிடம் கேளுங்கள்: இவருக்குக் கேஸ்ட்ரிக் மாத்திரை தொடர வேண்டுமா? தாள் வழக்கமாக என்ன எண் காட்டியது? 5.5க்கு மேல் போனால் நாங்கள் என்ன செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும்? பதிலை எழுதி வாங்குங்கள். கிளினிக் கெசிஹாத்தான் மூலமாகத் தாதியர் வீட்டுக்கே வந்து பார்க்கும் 'பெராவாத்தான் டொமிசிலியாரி' சேவைக்குப் பரிந்துரைக் கடிதம் உண்டா என்றும் கேளுங்கள். கேட்காத குடும்பங்களுக்கு இது பல சமயம் தெரியாமலே போய்விடுகிறது. மாதக்கணக்கில் குழாய் தேவைப்படும் என்று தெரிந்தால், வயிற்றில் நேரடியாகப் போடும் பெக் குழாய் இவருக்குப் பொருந்துமா என்ற பேச்சையும் எடுங்கள். வயிற்றில் ஓட்டையா என்று அலறும் அத்தைகள் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார்கள். டாக்டரோடு அவர்களையும் உட்கார வைத்துப் பேசுங்கள்.

பால் ஊற்றும்போதும் அதன்பின் ஒரு மணி நேரமும் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை உயர்த்தி வையுங்கள். குழாய் சரியான இடத்தில் இருந்தாலும் தட்டையாகப் படுத்தவருக்குப் பால் மேலேறி வரும். ஊற்றிக்கொண்டிருக்கையில் மூச்சு வாங்கினால், இருமல் நிற்காவிட்டால், உதடு நிறம் மாறினால் உடனே நிறுத்திவிட்டு 999ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, சமையலறைச் சுவரைப் பற்றி. பல வீடுகளில் காலை ஆறு மணிப் பாலை ஊற்றுவது மகனோ மருமகளோ அல்ல, இந்தோனேசியாவிலிருந்து வந்த ஒரு பெண். மருத்துவமனையில் மிஸ்ஸி செய்து காட்டிய அன்று அவர் அங்கே இருந்திருக்கவும் மாட்டார். மூக்கோரத்து எண், தாளின் எண், எப்போது ஊற்றக் கூடாது, யாருக்கு போன் செய்ய வேண்டும் என்ற நான்கையும் மலாயில் பெரிய எழுத்தில் எழுதி, பால் டின் இருக்கும் அலமாரிக்கு மேலே ஒட்டுங்கள். 'சந்தேகம் என்றால் ஊற்றாதே, என்னை எழுப்பு, திட்ட மாட்டேன்' என்பதையும் அதில் சேர்த்து, கீழே வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தாதி ஒருத்தி
ஜார்ஜ்டவுன்